ஏலத்தில் வரும் ராணுவ லாரியும் என் சேமிப்பும்: வாசகர் கேள்விக்குப் பதில்

கேள்வி: எனக்கு வயது 45. மனைவியும் வேலைக்குப் போகிறார். பிள்ளைகள் இல்லை. ராணுவம் கழித்துவிட்ட நான்கு சக்கர இழுவை லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்து, மின்கம்பியும் குழாய்த் தண்ணீரும் இல்லாத இடத்திலும் தங்கக்கூடிய கேம்பர் வண்டியாக மாற்றி, வேலையை விட்டு இரண்டு ஆண்டு பயணம் செய்ய ஆசை. ஓய்வூதிய நிதி நீங்கலாக எங்களிடம் உள்ள சேமிப்பை 100 பங்கு என்று வைத்தால், லாரிக்கு 15, மாற்றியமைக்க 25, மாதச் செலவு 1.2 வீதம் இரண்டு ஆண்டுக்கு 29 என்று மொத்தம் 69 பங்கு ஆகிறது. 31 மிஞ்சுகிறது. பின்னால் ஒரு மோட்டார் சைக்கிளும் ஏற்றிக்கொள்ள வேண்டும். பணம் குறைந்தால் கடன் வாங்கலாமா, ஓய்வூதிய நிதியில் கை வைக்கலாமா? சொந்தக் கையால் கட்டும் இந்த நடமாடும் வீட்டை முதலீடாகக் கருதலாமா? மனைவி இன்னும் ஒரு மாதம் யோசிக்கச் சொல்கிறார். ஏலம் மூன்று வாரத்தில்.

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இது முதலீடு அல்ல. வீட்டின் விலை ஏறுகிறது என்றால் பெரும்பாலும் அடியில் உள்ள மண்ணின் விலை ஏறுகிறது. உங்கள் வீட்டுக்கு அடியில் டயர் இருக்கிறது. இதை ஆசைக்கான செலவு என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆசைக்குச் செலவு செய்வதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. செலவுக்கு முதலீடு என்று பெயர் வைத்தால்தான் வரம்பு கைவிட்டுப் போகும்.

கணக்கை இவ்வளவு நேர்மையாகப் பங்குகளில் எழுதி அனுப்பியதற்கு நன்றி. ஆனால் உங்கள் பட்டியலில் லாரியின் விலை மட்டுமே கிட்டத்தட்டச் சரி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி ராணுவ லாரிக்காகவே பிறந்ததோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

ஏலப் படங்களில் மீட்டர் மிகக் குறைந்த கிலோமீட்டரைக் காட்டும். டயரின் பூ, அதாவது தரையைப் பிடிக்கும் மேல்வரிகள், அப்படியே இருக்கும். மனம் மயங்கும் இடம் இதுதான். ராணுவ வண்டிகள் ஓடியதைவிட நின்றதே அதிகம். நிற்கும் வண்டியில் ரப்பர் சாகிறது: பிரேக் குழாய்கள், காற்று பிரேக்கின் உதரவிதானங்கள் (காற்றழுத்தத்தில் அசையும் ரப்பர் தகடுகள்), அச்சு சீல்கள், டயர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3514 என்றால் 2014ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்யப்பட்டது என்று பொருள். பூ முழுதாக இருந்தாலும் அந்த டயரை நம்பி நெடுஞ்சாலையில் குடும்பத்தை ஏற்றக் கூடாது. அமெரிக்க ராணுவத்தின் எம்1078 போன்ற லாரிக்கு 395/85 ஆர்20 அளவு டயர். சாதாரண லாரிகளுக்குப் போடும் அளவு அல்ல. விலையும் அதற்கேற்ப இருக்கும், உதிரிச் சக்கரத்தோடு சேர்த்து ஐந்து வேண்டும். பேட்டரி, எண்ணெய்கள், வடிகட்டிகள், டீசல் டாங்கியைக் கழுவுவது என்று லாரியை மறுபடி ஓடும் நிலைக்குக் கொண்டுவர நான் 7 பங்கு ஒதுக்குவேன். ஏலக் களத்திலிருந்து ஏற்றி வர, ராணுவமல்லாத சாதாரண வண்டியாகப் பதிவு செய்ய, காப்பீட்டுக்கு என்று 3.

மாற்றியமைக்கும் செலவு 25 என்கிறீர்கள். முதல்முறை கட்டுபவர் போடும் கணக்கோடு பாதியைக் கூட்டிக்கொள்வது என் வழக்கம், ஆக 38. வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்னவர்கள் சக்கரத்தின் மேல் கட்டும் வீட்டைப் பார்த்ததில்லை. அதோடு, வார இறுதிகளில் மட்டும் வேலை செய்து ஓராண்டில் முடிப்பதாக நினைப்பது இரண்டாண்டு ஆகும். லாரியை நிறுத்தவும் உள்ளே நின்று வேலை செய்யவும் கூரையுள்ள இடம் வேண்டும். அதன் வாடகை மாதம் 0.4 பங்கு என்றாலும் 24 மாதத்தில் 10 ஆகிவிடும். இப்போது கூட்டுங்கள்: 15, 7, 3, 38, 10. மொத்தம் 73. பயணத்துக்கான 29ஐச் சேர்த்தால் 102. மிஞ்ச வேண்டிய 31 எங்கே?

இதில் எரிபொருளை நான் தொடவே இல்லை. உங்கள் மாதச் செலவில் டீசலுக்குப் போட்டிருக்கும் தொகை ஒரு வேனுக்கான தொகை. இந்த வகை லாரி 100 கிலோமீட்டருக்கு 25 முதல் 30 லிட்டர் குடிக்கும். ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டினால், 28 லிட்டர் வீதம் 5,600 லிட்டர். 10 லிட்டர் வேன் என்றால் 2,000 லிட்டர். அந்த 3,600 லிட்டர் வித்தியாசத்தை நீங்கள் போகும் நாடுகளின் விலையில் பெருக்கிப் பாருங்கள். ஒரே ஆறுதல், மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் போக இந்த லாரி பெரிதாக ஒத்துழைக்காது, கேபினின் இரைச்சலில் உங்களுக்கும் தோன்றாது. ஆகவே நினைத்ததைவிடக் குறைவாகவே ஓட்டுவீர்கள்.

எடைக்கு வருகிறேன். நிதி ஆலோசகனுக்கு எடையைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்காதீர்கள், இந்த விஷயத்தில் கிலோவும் பணம்தான். எம்1078 இரண்டரை டன் லாரி. பவுண்டு கணக்கிலான டன் என்பதால் சுமக்க அனுமதித்த எடை சுமார் 2,268 கிலோ. நன்றாகக் காப்புறை செய்த பெட்டி 900 கிலோ, உள்ளே மரவேலையும் அடுப்பும் கட்டிலும் 400, தண்ணீர் 300 லிட்டர் என்றால் 300 கிலோ, கூடுதல் டீசல் 200 லிட்டர் சுமார் 170 கிலோ, பேட்டரியும் சூரியத் தகடுகளும் 120, நீங்கள் இருவரும் உடை, உணவு, கருவிகளும் 350. கூட்டினால் 2,240. மிச்சம் 28 கிலோ. உங்கள் மோட்டார் சைக்கிளின் எடை என்ன? பழைய சரக்குத் தொட்டியைக் கழற்றினால் சில நூறு கிலோ திரும்பக் கிடைக்கும், உண்மைதான். பெட்டியைத் தாங்கும் துணைச்சட்டகம் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

அனுமதித்த எடையைத் தாண்டிய வண்டி விபத்தில் சிக்கினால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க ஒரு காரணம் தேட வேண்டியதில்லை, நீங்களே கொடுத்துவிட்டீர்கள். ஓட்டுநர் உரிமமும் எடையைப் பொறுத்ததே. ஐரோப்பிய ஒன்றியத்தின் சி1 உரிமம் 7,500 கிலோ வரை. ஜெர்மன் ராணுவத்திலிருந்து வந்த யூனிமோக் யு1300எல் லாரி அந்த எடைக்குள் அடங்குவதும் அதற்கு இவ்வளவு கிராக்கி இருப்பதற்கு ஒரு காரணம். எம்1078 வெறும் லாரியாகவே ஏறத்தாழ அந்த எடையில் நிற்கிறது. உங்கள் உரிமம் எதுவரை செல்லும், உங்கள் மனைவியின் உரிமம் எதுவரை என்று பாருங்கள். ஒருவர் மட்டுமே ஓட்டக்கூடிய வண்டியில், அந்த ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் இருவரும் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

இனி எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது. ராணுவ லாரியை வாங்கியபடியே விற்றால் கொஞ்சம் நட்டத்தோடு பணம் திரும்பும், ஏனென்றால் பெரிய தேய்மானத்தை ராணுவமே ஏற்றுக்கொண்டுவிட்டது. முழுதாக முடித்த கேம்பரை விற்றாலும் ஆள் வரும். செலவழித்ததில் பாதி திரும்பும் என்று மட்டும் நான் கணக்கில் போடுவேன். ஆனால் நடுவில் நிற்கும் வண்டிக்கு, அதாவது ஜன்னலுக்குத் துளை போட்டு, கம்பிகள் தொங்க, பாதிக் கட்டில் அடித்த வண்டிக்கு, சந்தையே கிடையாது. வாங்க வருபவர் உங்கள் வேலையைப் பிரித்தெறியும் கூலியை லாரி விலையிலிருந்து கழித்துத்தான் கேட்பார். நானே இளவயதில் ஒரு பழைய படகைப் புதுப்பிக்கத் தொடங்கி, நடுவில் பணம் தீர்ந்து விற்றவன். வாங்கியவர் எஞ்சினை மட்டும் கழற்றிக்கொண்டு போனார். உடற்பகுதியை அப்புறப்படுத்த நான் கையிலிருந்து கொடுத்தேன்.

அதனால்தான் கடனுக்கு வேண்டாம் என்கிறேன். வங்கி இந்த லாரியை அடமானமாக ஏற்பது அரிது. எனவே கிடைப்பது தனிநபர் கடனாக இருக்கும், வட்டி அதற்கேற்ப. அந்த வட்டி ஓடும் மாதங்களில் உங்கள் கையில் இருப்பது விற்கவே முடியாத அரைகுறை. ஓய்வூதிய நிதிக்கும் அதே பதில். உங்கள் கணக்குக்கும் என் கணக்குக்கும் உள்ள இடைவெளி 33 பங்கு. பணவீக்கம் போக ஆண்டுக்கு 4 சதவீதம் வளரும் என்று வைத்தால், 60 வயதில் அது சுமார் 59. பணி ஓய்வில் ஏறக்குறைய நான்காண்டுச் சாப்பாட்டை இப்போதே லாரிக்குப் போடுகிறீர்கள்.

அப்படியானால் கைவிட வேண்டுமா? வேண்டாம். நீங்கள் எழுதிய 15ம் 25ம் சேர்ந்த 40ஐ நான் ஏற்கிறேன். அதை எல்லாச் செலவுக்குமான உச்சவரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு 29, திரும்பி வந்து வேலை தேட ஓராண்டுச் செலவாக 15, இந்த இரண்டையும் லாரியால் தொட முடியாத வேறு கணக்கில் முதலிலேயே போட்டுவிடுங்கள். 16 அப்படியே வளரட்டும். மீதி 40ல் ஏலத்துக்கு 12, ஓடும் நிலைக்கு 7, பதிவுக்கும் காப்பீட்டுக்கும் 3, பெட்டிக்கும் உட்பகுதிக்கும் 10, இருப்பு 8. இட வாடகை அந்த இருப்பிலிருந்து வரட்டும். ஆறு மாதத்துக்குமேல் இடம் பிடிக்காதீர்கள்.

10 பங்கில் பெட்டி எப்படி என்றால், புதிதாகக் கட்டாதீர்கள். ராணுவங்கள் தகவல் தொடர்புக் கருவிகளுக்காக வைத்திருந்த காப்புறைப் பெட்டிகளும் இதேபோல ஏலத்துக்கு வருகின்றன. கதவு, காற்றோட்டம், சுவர் எல்லாம் தயார். அலுமினியச் சட்டம் குளிரை உள்ளே கடத்தி நீர்த்துளியாகக் கோக்கும், அழகும் கிடையாது. ஆனால் கன்டெய்னரைப் பூட்டும் திருகுப்பூட்டு உள்ளதாகப் பார்த்து எடுத்தால், உங்களிடம் லாரி ஒன்றும் பெட்டி ஒன்றுமாகத் தனித்தனியாக விற்கக்கூடிய இரண்டு சொத்து இருக்கும். பாதியில் நிறுத்த நேர்ந்தாலும் லாரி லாரியாகவே விலைபோகும். இறுக்கமாகப் போல்ட் போட்டுவிடாதீர்கள். இந்த லாரிகளின் அடிச்சட்டகம் மேடுபள்ளத்தில் முறுக்குவதற்கென்றே செய்யப்பட்டது, மேலே உள்ள பெட்டி முறுக்காது. மூன்று புள்ளியிலோ சுருள்வில்லிலோ தாங்கும் துணைச்சட்டகம் போடாவிட்டால் பெட்டியின் மூலைகள் பிளக்கும். சிக்கனம் பார்க்கக் கூடாத ஒரே இடம் இது. விவரம் தெரிந்த பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

மின்சாரத்தில்தான் பலர் பணத்தைக் கொட்டுகிறார்கள். 24 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் சுமார் 5 யூனிட் அடங்கும். விளக்கு, குளிர்பெட்டி, மடிக்கணினி என்று நாளுக்கு 2 யூனிட் செலவானால், வெயிலே இல்லாமல் இரண்டரை நாள். கூரையில் தகடு இருந்தால் அது தினமும் நிரம்பும். தண்ணீர் நிரம்பாது. 300 லிட்டரை இருவர் ஆளுக்கு 15 லிட்டர் வீதம் செலவழித்தால் பத்தாவது நாள் ஊருக்குள் வந்தே ஆக வேண்டும். பேட்டரியை இரட்டிப்பாக்கினாலும் அந்தப் பத்தாவது நாள் நகராது. எது முதலில் தீர்கிறதோ அதற்கு மட்டும் பணம் போடுங்கள்.

லாரியைத் தேர்ந்தெடுக்கும்போது, அதன் எஞ்சின் குடிமை வண்டிகளிலும் ஓடியதா என்று பாருங்கள். எம்1078ன் தொடக்க மாதிரிகளில் உள்ள கேட்டர்பில்லர் 3116ம், யூனிமோக்கின் 5.7 லிட்டர் ஓஎம்352ம் அப்படிப்பட்டவை. உதிரிபாகமும் கை தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார்கள். ராணுவத்துக்கென்று மட்டும் செய்த எஞ்சின் எவ்வளவு மலிவாக வந்தாலும் என் பட்டியலில் இல்லை.

இன்னொன்று. யாரோ ஒருவர் கட்டி முடித்து, இரண்டு பயணம் போய்ச் சலித்து விற்கும் வண்டிகளை விற்பனைக்குத் தேடிப் பாருங்கள். உங்கள் 40 பங்குக்குள் ஒன்று வந்தால், கட்டியவரின் நட்டம் உங்கள் லாபம். சொந்தக் கையால் கட்டும் சுகம் கிடைக்காது என்பீர்கள். அந்தச் சுகத்துக்கு விலை என்ன என்று இப்போது உங்களுக்கே கணக்கு வரும்.

மனைவி கேட்கும் ஒரு மாதத்தைக் கொடுங்கள். இந்த ஏலம் போனால் இன்னொன்று வரும். ராணுவங்கள் லாரி கழிப்பதை நிறுத்தப் போவதில்லை. அந்த மாதத்தில் இரண்டு வேலை. இதுபோன்ற வண்டி ஒன்றை இரண்டு வாரம் வாடகைக்கு எடுத்து இருவரும் தங்கிப் பாருங்கள். காப்பீட்டு நிறுவனத்திடம், கையால் மாற்றியமைத்த முன்னாள் ராணுவ லாரிக்கு முன்கூட்டியே இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மதிப்பில் பாலிசி தருவார்களா, கட்டும் மாதங்களில் தீக்குப் பாதுகாப்பு உண்டா, எந்த ரசீதும் எடைச்சீட்டும் கேட்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது. அந்தக் கடிதமும், அதே மாதிரி லாரியை வெறுமையாக எடைமேடையில் ஏற்றிய சீட்டும் கைக்கு வந்தபின் மறுபடி எழுதுங்கள். மோட்டார் சைக்கிளைப் பற்றி அப்போது பேசலாம்.