கிறிஸ்துமஸுக்கு வருடா வருடம் நகை அடகு: எப்படி நிறுத்துவது?

கேள்வி: பூண்டி மாதா கோயிலுக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. கணவர் மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்து சம்பா மட்டும் போடுகிறார். நான் பள்ளியில் ஆயா, சம்பளம் 9,000. ஒவ்வொரு டிசம்பரும் என் சங்கிலியை அடகுக் கடையில் இரண்டு வட்டிக்கு வைத்து 40,000 வாங்கி, அறுவடைக்குப் பிறகு மார்ச்சில் மீட்கிறோம். போன வருடச் செலவு: துணிமணி 18,000, பிரியாணி விருந்து 12,000, கேக்கும் பலகாரமும் 5,000, சொந்தக்காரப் பிள்ளைகளுக்குப் பரிசு 5,000, ஸ்டார், சீரியல் லைட், வெடி 4,500, குடிலும் காணிக்கையும் 1,500. கடைசியில் அலுப்புதான் மிச்சம். நள்ளிரவுப் பூசையில் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள். இந்த வருடம் பக்தியாகக் கொண்டாட ஆசை. ‘கஞ்சம் என்பார்கள்’ என்று கணவர் தயங்குகிறார். கையில் 15,000 இருக்கிறது. அடுத்த வருடத்துக்குப் பக்கத்து வீட்டு அக்காவின் கிறிஸ்துமஸ் சீட்டில் சேரலாமா?

பதில்: சகோதரி, உங்கள் கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது: வட்டி. இரண்டு வட்டி என்றால் 40,000க்கு மாதம் 800. மூன்று மாதத்துக்கு 2,400. குடிலுக்கும் கோயிலுக்கும் சேர்த்து நீங்கள் கொடுத்ததே 1,500தான். பாலன் இயேசுவைவிட அடகுக் கடைக்காரருக்கு அதிகம் போயிருக்கிறது! கணவரிடம் வேறெதுவும் பேச வேண்டாம், இந்த இரண்டு தொகையை மட்டும் காட்டுங்கள்.

சம்பா மட்டும் போடுகிறவர்களுக்கு மார்கழி கையைக் கடிக்கிற மாதம். கதிர் வாங்கும் நேரத்தில் மருந்து, ஆள்கூலி என்று பணம் வயலுக்குப் போகுமே தவிர அங்கிருந்து வராது. கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு வங்கிக் கணக்கில் பணம் ஏற, தை, மாசி ஆகிவிடும். பண்டிகையோ டிசம்பர் 25-ஐ விட்டு நகராது. அதனால் இந்த வருடம் கையில் இருக்கும் 15,000தான் எல்லை. நகையைத் தொடாதீர்கள்.

பட்டியலைத் தலைகீழாக எழுதுங்கள். முதல் வரி குடில், காணிக்கை, ஏழைக்கு ஒரு பங்கு: 2,500. அடுத்து பிள்ளைகளுக்கும் மாமனார் மாமியாருக்கும் மட்டும் துணி, 6,000. வீட்டோடு சாப்பாடு 4,000, பலகாரம் 2,000. மிச்சம் 500 லைட் ரிப்பேருக்கு. போன வருட ஸ்டார் பரணில்தானே கிடக்கும்? நாத்தனார் வீட்டுக்கு இந்த வருடம் துணி இல்லை, விருந்து தையில் நெல் வந்த பிறகு என்பதை நவம்பர் முடிவதற்குள் உங்கள் கணவரே போன் போட்டுச் சொல்லட்டும். நீங்கள் சொன்னால் அது வேறு கதையாகிவிடும்.

பக்திக்கு ஆகும் செலவு எப்போதுமே குறைவுதான். அது கேட்பது நேரம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரமான திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறே குடில் வேலையை ஆரம்பித்துவிடுங்கள். வாய்க்கால் களிமண்ணில் ஆடு மாடுகளைப் பிள்ளைகளே பிடிப்பார்கள். மாட்டுக்கு மூன்று கால் இருந்தாலும் பரவாயில்லை, கடையில் செட் வாங்காதீர்கள். கூரைக்கு வைக்கோல் ஊரிலேயே கிடைக்கும். பண்டிகைக்குப் பத்து நாள் முன்பு பழைய தாம்பாளத்தில் மண் பரப்பிக் கேழ்வரகு தெளித்துவிட்டால், குடிலைச் சுற்றி வைக்கப் பச்சைப் பயிர் தயார். தினமும் தண்ணீர் தெளிக்கும் பொறுப்பு சின்னப் பிள்ளைக்கு. தீவனத் தொட்டி மட்டும் காலியாக இருக்கட்டும். 24-ஆம் தேதி மாலை பிள்ளைகளைத் தூங்கவைத்து எழுப்பி பூசைக்குக் கூட்டிப் போங்கள். திரும்பி வந்ததும் ஒரு பிள்ளை லூக்கா நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தை வாசிக்க, இன்னொன்று பாலன் சுரூபத்தைத் தொட்டியில் வைக்கட்டும். முறுக்கு, அதிரசத்தை 22-ஆம் தேதியே முடித்துவிடுங்கள். அடுப்படியில் நின்று களைத்த அம்மாவுக்கு எந்த ஜெபமும் ஓடாது.

குடிலோடு ஒரு மண் உண்டியலும் வையுங்கள். நான்கு வாரமும் வாரத்துக்கு ஒரு நாள் கறி, மீன் வாங்காமல் அந்தக் காசு அதற்குள் போகட்டும். 24-ஆம் தேதி உடைத்து, உங்கள் வயலில் நடவு நட்டவர் வீட்டுப் பிள்ளைக்குச் சட்டை எடுக்கலாம். உங்கள் பங்குக் கோயிலில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை இருந்தால் அவர்களிடமும் கொடுக்கலாம். உங்கள் பிள்ளைகளுக்கான சின்னப் பரிசை டிசம்பர் 6-இல் கொடுத்துவிடுங்கள். அது புனித நிக்கோலாஸ் திருநாள். ஏழைப் பெண்களின் வீட்டில் இரவோடு இரவாகப் பொன்னைப் போட்டுவிட்டுப் போனவர் என்பது மரபு. சாண்டா தாத்தாவே அவரிடமிருந்து வந்தவர்தான்.

சரி, அடுத்த வருடம். மார்ச்சில் நெல் பணம் வந்ததும் 15,000 ரூபாயை ஒன்பது மாத வைப்பாக வங்கியில் போடுங்கள். டிசம்பர் முதல் வாரம் முதிரும். உங்கள் சம்பளத்திலிருந்து மாதம் 1,000 வீதம் ஒன்பது மாத ஆர்.டி., அது 9,000. இரண்டும் சேர்ந்து வட்டி போக 24,000. அஞ்சலக ஆர்.டி. ஐந்து வருடத் திட்டம், இதற்குச் சரிப்படாது. வேறு அவசரத்துக்கு நகை வைக்க நேர்ந்தாலும் வங்கிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ போங்கள். வட்டி இப்போது கட்டுவதில் பாதிகூட வராது.

சீட்டு வேண்டாம். 1982-ஆம் வருடச் சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டு நடத்தப் பதிவு வேண்டும். தெருச் சீட்டில் அது இருக்காது, பணம் முடங்கினால் கையில் காட்டத் துண்டுச் சீட்டுகூட இருக்காது. அக்கா நல்லவராகவே இருக்கலாம். அவரிடம் பணம் கட்டும் மற்றவர்கள் நடுவில் நின்றுவிட்டால் அவர் என்ன செய்வார்? ‘வங்கியில் ஆர்.டி. போட்டுவிட்டேன் அக்கா, கையில் மிச்சமில்லை’ என்று சொல்லிவிடுங்கள். மார்ச்சுக்குப் பிறகு அது உண்மையாகவும் இருக்கும்.