சினை ஆடு குட்டி வீசுகிறது: பூனையா, மயிலா, தண்ணீரா?

கேள்வி: தேவகோட்டைக்குப் பக்கத்தில் 20 வெள்ளாடுகள் வளர்க்கிறேன். ஒன்றரை மாதத்தில் நான்கு ஆடுகள் நாலாம் மாதச் சினையிலேயே கரு கலைந்து குட்டி வீசிவிட்டன. அதில் ஒரு குட்டி வற்றிச் சுருங்கியிருந்தது. கடலைக்கொடிப் படப்பில் பூனை குட்டி போட்டிருக்கிறது. மயிலும் காட்டுப்பூனையும் வந்து போகின்றன. ஆடும் நாங்களும் குடிப்பது ஊருணித் தண்ணீர்தான். என்ன காரணம்? மருமகள் மூன்று மாதக் கர்ப்பிணி.

பதில்: முதலில் மருமகளைப் பார்ப்போம். இன்று முதல் அவர் கொட்டில் பக்கம் போக வேண்டாம். வீசிய குட்டியையோ நஞ்சுக்கொடியையோ அவர் தொட்டிருந்தால், அதை மகப்பேறு மருத்துவரிடம் சொல்லி டாக்ஸோபிளாஸ்மா என்ற ஓரணு ஒட்டுண்ணிக்கு ரத்தப் பரிசோதனை கேளுங்கள். முன்பே இந்தத் தொற்று வந்து போனவர் என்று தெரிந்தால் பெரும்பாலும் கவலையில்லை. கர்ப்ப காலத்தில் புதிதாக வந்தால்தான் கருவுக்கு ஆபத்து. அதற்கு மருந்து உண்டு.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் இந்த ஒட்டுண்ணியின் மேல்தான் சந்தேகத்தைத் திருப்புகின்றன. வீசிய ஆட்டின் நஞ்சுக்கொடியில் பொத்தான் போன்ற சிவந்த மேடுகள் இருக்கும். அவற்றில் 1 முதல் 3 மி.மீ. அளவு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனாலும் கண்ணால் பார்த்து முடிவுகட்ட முடியாது. புரூசெல்லா, கிளமிடியா என்ற பாக்டீரியாக்களாலும் ஆடு குட்டி வீசும், இரண்டும் மனிதருக்கும் தொற்றும். அடுத்த முறை வீசினால் கையுறை போட்டு, மேடுகளோடு சேர்த்து நஞ்சுக்கொடியைச் சுத்தமான பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் வைத்த டப்பாவில் அன்றே கால்நடை மருந்தகத்தில் சேருங்கள். உறைய விடக் கூடாது. ஏற்கெனவே வீசிய நான்கு ஆடுகளுக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கே மருத்துவர் வர 1962 எண்ணில் அழைக்கலாம். முடிவு வரும்வரை அந்த ஆடுகளை விற்காதீர்கள், கிடாவோடும் சேர்க்காதீர்கள்.

மயில் காரணமில்லை. எலி, கோழி, மயில், ஆடு, மனிதன் எல்லோருக்கும் இந்த ஒட்டுண்ணி தொற்றும். அது தசையில் தங்கும். ஆனால் முட்டையாகி மலத்தில் வெளியேறுவது பூனை இனத்தில் மட்டும்தான். உங்கள் காட்டுப்பூனையும் அந்த இனம்தான். தொற்றுள்ள எலியைத் தின்ற பூனை ஒன்றிரண்டு வாரங்களில் லட்சக்கணக்கில் முட்டைகளைக் கழிக்கும். பிறகு பெரும்பாலும் நின்றுவிடும். அதனால் உங்களுக்குத் தொல்லை கிழட்டுப் பூனையல்ல, முதன்முதலாக எலி பிடிக்கப் பழகும் குட்டிகள். எல்லாவற்றையும் அடித்துத் துரத்தினால், பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீடுகளிலிருந்து புதுப் பூனைகள் வந்து சேரும், கூடவே எலியும் பெருகும். வயதான பூனை ஒன்றிரண்டுக்குக் கருத்தடை செய்து வைத்துக்கொள்வதே நல்லது.

பூனையை விரட்டுவதை விட்டு, தீவனத்தைக் காப்பாற்றுங்கள். சேதம் நடக்கும் இடம் அந்தக் கடலைக்கொடிப் படப்புதான். பூனைக்குட்டிகள் கிடந்த பகுதியைச் சுற்றி இரண்டடி ஆழத்துக்குக் கொடியை எடுத்து எரித்துவிடுங்கள். மீதிப் படப்பைத் தார்ப்பாயால் இறுக மூடுங்கள். தவிடு, புண்ணாக்கு மூடியுள்ள டிரம்மில் இருக்கட்டும். பூனை மலம் கண்டால் அன்றே அள்ளிப் புதையுங்கள். கழித்த முட்டை தொற்றும் பக்குவத்துக்கு வர 1 முதல் 5 நாள் ஆகும் என்பதால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. பிளீச்சிங் பவுடர் அதைக் கொல்லாது. கொதிநீர் கொல்லும், நல்ல வெயிலில் காய்வதும் உதவும். ஈர மண்ணில் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். வீசிய குட்டி, நஞ்சு எல்லாவற்றையும் மூன்றடிக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதைத்து, மேலே கருவேல முள் போடுங்கள்.

ஊருணித் தண்ணீரும் வழிதான். 2004-05இல் கோயம்புத்தூரில் 248 பேருக்கு இந்த ஒட்டுண்ணியால் கண் பாதித்தது. குடிநீர் வழியாகப் பரவியிருக்கலாம் என்று கருதப்பட்டது. குளோரின் மாத்திரையை நம்ப வேண்டாம். வீட்டாருக்குக் கொதிக்க வைத்த தண்ணீர், ஆட்டுக்குக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய, இரவில் மூடி வைக்கும் தொட்டி. ஆட்டுப்பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்கக் கூடாது. கர்ப்பிணிக்கு ரத்தம் ஊறும் என்று சுவரொட்டியை (ஆட்டு மண்ணீரலை) அனலில் வாட்டிக் கொடுப்பதுண்டு. உள்ளே சிவப்பே இல்லாமல் நன்றாக வேக வையுங்கள்.

ஊசி பற்றி: ஆக்ஸிடெட்ராசைக்ளின் கிளமிடியாவுக்குக் கேட்கும், டாக்ஸோபிளாஸ்மாவுக்குக் கேட்காது. சல்ஃபா வகை மருந்தைச் சோதனை முடிவு பார்த்து மருத்துவர்தான் தர வேண்டும். வெளிநாட்டில் செம்மறிக்குத் தடுப்பூசி உண்டு, நமக்கு இல்லை. டாக்ஸோபிளாஸ்மா என்று உறுதியாகி, புரூசெல்லா இல்லை என்றும் தெரிந்தால் அந்த நான்கு ஆடுகளையும் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு எதிர்ப்புசக்தி வந்திருக்கும். வெள்ளாட்டில் சில மறுபடியும் வீசுவதுண்டு, ஆனால் பெரும்பாலானவை அடுத்த ஈத்தில் நல்ல குட்டியே போடும்.