எந்தப் புயல்?

கேள்வி: எங்கள் தாத்தாவின் வாழ்க்கையை அந்தந்தக் காலத்துச் சம்பவங்களோடு சேர்த்து எழுதி, பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆசை. அவர் பிறந்த தேதிகூடத் தெரியாது. ‘கார்த்திகைப் புயல் அடிச்சு, மறு தையில கல்யாணம்’ என்று அத்தை சொல்வார். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: எந்தப் புயல் என்று அத்தையிடம் கேளுங்கள். உங்கள் பக்கத்தில் 1952 நவம்பர் 30-இல் ஒரு பெரும்புயல், 1955 டிசம்பர் 1-ஐ ஒட்டி இன்னொன்று. இரண்டுமே கார்த்திகை நடுவில்தான்.

இதில் நான் ஏமாந்தவன். எங்கள் தாத்தாவுக்கு வேதாரண்யம் போகிற சாலையோரக் கிராமம். அவருடையதும் ‘புயல் கல்யாணம்’தான். கொல்லையில் விழுந்து கிடந்த தென்னைகளின் கீற்றை முடைந்தே பந்தல் போட்டார்களாம். 1955 என்று நானாக முடிவுகட்டிப் பாதி எழுதியும் விட்டேன். அப்புறம் சித்தப்பா வீட்டுப் பரணில் மொய் நோட்டு அகப்பட்டது. பிள்ளையார் சுழிக்குக் கீழே ‘நந்தன வருஷம் தை மாசம்’. நந்தன 1952 சித்திரையில் பிறந்தது. அதன் தை, 1953 ஜனவரி. 1955 புயலென்றால் ‘மன்மத’ என்றல்லவா இருக்க வேண்டும்! எழுதியதைக் கிழித்துப் போட்டேன்.

நோட்டில் எட்டணா, ஒரு ரூபாய்க்கு நடுவே ‘கீற்று 20’ என்றும் மொய் இருந்தது. பயிர் சாய்ந்த வருஷத்தில் பந்திக்கு அரிசி எப்படிச் சேர்ந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. அரிசி ரேஷனை ராஜாஜி அரசு 1952 ஜூனில்தான் எடுத்திருந்தது. வெளியில் வாங்கவாவது முடிந்திருக்கிறது.

பிறந்த தேதிக்குப் பள்ளிச் சான்றிதழை நம்பாதீர்கள். தலைக்கு மேல் கையை வளைத்துக் காதைத் தொட்டால் சேர்த்துக்கொண்டு, வாத்தியாரே ஒரு தேதி போட்ட காலம் அது. எங்களுக்கு உதவியது உப்புச் சத்தியாகிரகம். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார்களே, அதில் தாத்தாவும் நடந்தார் என்று எழுதும்படி உறவில் ஒருவர் வற்புறுத்தினார். தாத்தா என்னிடம் சொன்னது வேறு. தொண்டர்களுக்குச் சோறு போடக் கூடாதென்று கலெக்டர் தடை போட்டிருந்தார். ஊர்க்காரர்கள் சோற்றைப் பொட்டலமாகக் கட்டி மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். எங்கள் தெருவில் கிளையேறிக் கட்டியது இவர். ஏழெட்டு வயசு இருந்திருக்கும். அப்படியானால் பிறந்தது 1922, 23. கல்யாணத்தில் முப்பது, அந்தக் காலத்துக்குத் தாமதம்தான்.

ஒரு பொட்டலத்தைக் கிளையிலேயே உட்கார்ந்து தின்றுவிட்டு, அம்மாவிடம் அடி வாங்கினாராம். அதை அப்படியே எழுதினேன். உறவுக்காரருக்கு வருத்தம்தான்.