வீட்டுக்கும் மேடைக்கும் ஒரே பேஸ் ஆம்ப் போதுமா?

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடகர் குழுவோடு பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். திருவிழாக் காலத்தில் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் கூப்பிடுகிறார்கள். இதுவரை கீபோர்டுக்கு வைத்திருக்கும் சின்ன ஆம்பில்தான் போட்டு வாசிக்கிறேன், சத்தம் கூட்டினால் பொரபொரவென்கிறது. வீட்டில் பழகவும் வெளியே வாசிக்கவும் ஒரே ஆம்பாக வாங்க ஆசை. எத்தனை வாட்ஸ் வாங்கலாம் அண்ணா?
- வாசகர், தங்கச்சிமடம்

தம்பி, வாட்ஸைக் கடைசியில் பார்ப்போம். நீங்கள் வாசிக்கும் பேஸ் எதன் வழியாக ஆட்கள் காதுக்குப் போகிறது என்பதுதான் முதல் கேள்வி. வீட்டில் உங்களுக்குக் கேட்டால் போதும். கோயிலுக்குள் ஆம்பை விட்டால் வேறு வழியில்லை, ஏனென்றால் சுவரில் மாட்டியிருக்கும் நீளமான, ஒல்லியான ‘காலம்’ (column) ஸ்பீக்கர்கள் பிரசங்கத்துக்கு உள்ளவை, அவற்றால் பேஸைத் தர முடியாது. திருவிழா மேடையிலோ மைக் செட்காரரின் பெரிய பெட்டிகள்தான் எல்லாம், உங்கள் ஆம்ப் உங்களுக்கும் பக்கத்தில் நிற்கும் கீபோர்டுகாரருக்கும் மட்டும். இந்த மூன்று வேலையையும் ஒரு பெட்டியிடம் கேட்கிறீர்கள். கேட்கலாம், கிடைக்கும், ஆனால் அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

முதலில் அந்தப் பொரபொர. பேஸின் தடித்த இ தந்தி நொடிக்கு 41 தடவை அதிர்கிறது, சாதா கிட்டாரின் தடித்த தந்தி 82 தடவை. அதிர்வு குறையக் குறைய, அதே சத்தத்துக்கு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு அதிக தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும், நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். சின்ன ஸ்பீக்கர் அதற்கு மேல் போக முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு பொரிகிறது. நான் வாசிக்க ஆரம்பித்த புதிதில் நண்பனின் கிட்டார் ஆம்பை வாங்கி ஒரு கிறிஸ்துமஸ் சீசன் முழுக்க அதில் பேஸ் வாசித்தேன். கடைசியில் டார்ச் அடித்து வலைக்குள் பார்த்தால், கூம்பின் ஓரம் பொரித்த அப்பளம் நொறுங்கியதுபோல வட்டமாகக் கிழிந்திருந்தது. கீபோர்டு ஆம்ப் அதைவிடத் தாங்கும், ஆனாலும் பொரிகிற அளவுக்கு இனி ஏற்ற வேண்டாம். பேஸுக்குத் தனி ஆம்ப் வேண்டும் என்பது ஆரம்பத்திலிருந்தே தெரிந்த விஷயம். 1951-ல் பிரசிஷன் பேஸை வெளியிட்ட ஃபெண்டர் கம்பெனியே அடுத்த வருடம் 15 இன்ச் ஸ்பீக்கர் வைத்து பேஸ்மேன் என்ற ஆம்பைக் கொண்டுவந்துவிட்டது.

வீட்டு விஷயத்தில் பலரும் ஏமாறுகிற ஒரு இடம் இருக்கிறது. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு அடிசத்தம் சரியாகக் கேட்காது, காதின் அமைப்பே அப்படி. அதனால் ராத்திரி மெதுவாக வைத்துப் பழகும்போது பேஸ் குமிழைத் திருகிக்கொண்டே போவோம், அப்போது நன்றாகத்தான் இருக்கும், அதே செட்டிங்கோடு மறுநாள் கோயிலில் சத்தம் கூட்டினால் தெளிவே இல்லாமல் ஒரே கும்மென்று வரும். வீட்டு செட்டிங் வேறு, வெளி செட்டிங் வேறு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஆம்பை அறையின் மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து அடிசத்தத்தை ஊதிவிடும். எங்கள் வீட்டில் ஏ தந்தியில் ஒரு குறிப்பிட்ட சுரத்தை வாசித்தால் மட்டும் சமையலறை அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் கிணுகிணுவென்று ஆடும், மற்ற சுரங்களுக்கு ஆடாது. ஆம்பை மூலையிலிருந்து நகர்த்தி ஒரு முக்காலியில் ஏற்றினேன், நின்றுவிட்டது. பக்கத்து வீட்டில் விடியற்காலை கடலுக்குப் போகிறவர்கள் தூங்குவார்கள் என்றால் ஹெட்போன் ஜாக் உள்ள ஆம்ப் கட்டாயம். பாட்டைப் போனிலிருந்து கொடுக்க ஆக்ஸ் இன்புட்டும் இருந்தால் பழகுவது பாதி சுலபம்.

கோயிலுக்குள் பிரச்சினை சத்தம் போதாமை இல்லை, எதிரொலி. உயரமான கூரை, சிமென்ட் சுவர், வழுவழு தரை. தடித்த இ தந்தியின் ஒலி அலை ஒன்றின் நீளம் மட்டுமே 8 மீட்டருக்கு மேல், அது அங்கே உருண்டுகொண்டே இருக்கும். பேஸ் குமிழை நடுவிலிருந்து கொஞ்சம் குறைத்து, நடுத்தர ஒலிக்கான மிட் குமிழைக் கொஞ்சம் ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கடைத்ததுபோல இருக்கும். பாடகர்களும் ஆர்மோனியமும் சேர்ந்த பிறகு கேளுங்கள், எந்த சுரம் வாசிக்கிறீர்கள் என்று கடைசி பெஞ்சு வரை தெரியும்.

மேடைக்கு முக்கியமானது ஆம்பின் பின்பக்கம் இருக்கும் எக்ஸ்எல்ஆர் லைன் அவுட், டிஐ என்றும் எழுதியிருக்கும். மைக் செட்காரர் தன் மிக்ஸரிலிருந்து ஒரு மைக் கேபிளை அதில் சொருகிவிட்டால் அவருடைய சப்-ஊஃபர்களே உங்கள் ஸ்பீக்கர். அதன் பக்கத்தில் ப்ரீ, போஸ்ட் என்று ஒரு பட்டன் இருந்தால் ப்ரீயில் விடுங்கள், அப்போது நீங்கள் மேடையில் குமிழைத் திருகினாலும் வெளியே போகிற சத்தம் கெடாது. இந்த லைன் அவுட் இல்லாத ஆம்ப் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் உங்களுக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மேடையில் பேஸுக்குச் சரியான வழி இல்லாத காலத்தில்தான் ராட்சதப் பெட்டிகள் தேவைப்பட்டன. 1969-ல் வந்த ஆம்பெக் கம்பெனியின் எஸ்விடி ஆம்ப் 300 வாட்ஸ், 10 இன்ச் ஸ்பீக்கர் எட்டு உள்ள பெட்டியோடு பூட்டுவார்கள், ஆம்பின் தலைப்பெட்டி மட்டுமே 35 கிலோவுக்கு மேல். அருமையான சத்தம்தான், ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு ராமேஸ்வரம் பஸ்ஸில் ஏற முடியாது.

சரி, வாட்ஸ். 100 வாட்ஸை 200 ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்கு ஆகாது, 3 டெசிபல்தான் கூடும், காதுக்குக் கொஞ்சம் வித்தியாசம் தெரியும், அவ்வளவே. இரண்டு மடங்கு என்று காதுக்குத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அதனால் 60-க்கும் 80-க்கும் நடுவில் மண்டையை உடைத்துக்கொள்ளாமல் ஸ்பீக்கரின் அளவைப் பாருங்கள். உதாரணத்துக்கு ஃபெண்டர் ரம்பிள் வரிசை: 25-ல் 8 இன்ச், லைன் அவுட் இல்லை, வீட்டுக்கு மட்டும். 40-ல் 10 இன்ச், லைன் அவுட் உண்டு. 100-ல் 12 இன்ச். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த 100 வாட்ஸ், 12 இன்ச் ரகத்தில்தான் வாங்குவேன், எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி. உங்கள் குழுவில் ரிதம் பேடுக்குப் பதிலாக உண்மையான டிரம்ஸ் இருந்து, டிஐ எடுக்க மைக் செட்டும் இல்லையென்றால் மட்டும் 200, 300 வாட்ஸ் வேண்டியிருக்கும். அந்த அளவில் ஓம் கணக்கைக் கவனியுங்கள், அதாவது ஸ்பீக்கரின் மின்தடை, பக்கத்தில் இன்னொரு பெட்டி சேர்த்தால் அது குறையும். ரம்பிள் 500 தனியாக இருக்கும்போது 350 வாட்ஸ்தான் தரும், வெளியே இன்னொரு 8 ஓம் பெட்டி சேர்த்து மொத்தம் 4 ஓம் ஆனால்தான் 500. அதற்குக் கீழே ஓம் இறங்கும்படி பெட்டிகளைச் சேர்த்தால் ஆம்ப் போய்விடும். கடைக்கு உங்கள் பேஸையே எடுத்துக்கொண்டு போங்கள், நின்றுகொண்டு வாசித்துப் பாருங்கள், தூக்கியும் பாருங்கள்.

அப்புறம் உப்பு. பழைய பாம்பன் ரயில் பாலத்தை உப்புக்காற்று என்ன பாடு படுத்தியது என்று உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் படிந்திருக்கும் உப்பு தானாகவே தண்ணீர் இழுத்துக்கொள்ளும், ஜாக்கின் உள்ளே பச்சையாகப் பூக்கும், குமிழைத் திருகினால் கரகரக்கும். வாரம் ஒரு தடவையாவது ஆம்பைப் போட்டு ஒரு மணி நேரம் சூடாக விடுங்கள். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் மூடுங்கள், பாலிதீன் வேண்டாம், அது ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். ஜாக்குக்கும் குமிழுக்கும் காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே இருக்கிறது, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மாமா தன் பேஸ் ஆம்பைக் கொண்டுவந்து தருகிறேன் என்கிறார். இங்கே ஓடுமா?
- கல்லூரி மாணவி, கீழக்கரை

கொண்டுவருவதற்கு முன்னால் ஆம்பின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லும்மா. 120 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் நம் 230 வோல்ட்டில் சொருகிய நிமிடமே எரிந்துவிடும். 115, 230 என்று மாற்றுகிற சுவிட்ச் இருந்தால், அல்லது 100-240 என்று போட்டிருந்தால் பயமில்லை. மற்றபடி ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அது ஆம்ப் இழுக்கும் மின்சாரத்தைவிட நன்றாகவே பெரிதாக இருக்க வேண்டும், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அதையும் சுமக்க வேண்டும். துபாய், சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருவதென்றால் வோல்டேஜ் நம்முடையதுபோலத்தான், பிளக் மட்டும் மாற்றினால் போதும்.

கேள்வி: ஜெனரேட்டரில் வாசிக்கும்போது ஆம்பில் ம்ம்ம் என்ற இரைச்சல் வருகிறது. பிளக்கில் எர்த் பின்னை எடுத்துவிட்டால் நின்றுவிடும் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?
- வாசகர், மண்டபம்

செய்யவே கூடாது. இரைச்சல் நின்றுவிடும் என்பது உண்மைதான், ஆனால் ஆம்புக்குள் கசிவு வந்தால் மின்சாரம் போக வேறு வழியில்லாமல் உங்கள் தந்தி வழியாக உடம்புக்கு வரும். 1972-ல் ஸ்வான்சி ஊர் மேடையில் ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு அங்கேயே இறந்தார். இரைச்சலுக்கு வழி வேறு. ஆம்பையும் மிக்ஸரையும் ஒரே இடத்திலிருந்து வரும் கரன்ட்டில் போடச் சொல்லுங்கள். டிஐ பக்கத்தில் கிரவுண்ட் லிஃப்ட் என்று பட்டன் இருந்தால் அமுக்குங்கள், அது சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும்தான் பிரிக்கும், ஆபத்தில்லை. சீரியல் லைட் வயரைக் கிட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்துவிடுங்கள். கடற்கரையில் மேல்மணல் காய்ந்து கிடக்கும், அதில் அரை அடி அடித்த ஜெனரேட்டர் எர்த் கம்பி பேருக்குத்தான். ஈரமணல் வரை ஆழமாக இறக்கச் சொல்லி, மேலே ஒரு குடம் தண்ணீரும் ஊற்றச் சொல்லுங்கள். எல்லாம் முடிந்ததும், பேஸைத் தோளில் மாட்டுவதற்கு முன்னால், டெஸ்டரால் மைக்கின் கம்பி வலையையும் உங்கள் தந்தியையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள், பல்பு லேசாக மினுங்கினால்கூட ஜெனரேட்டர்காரர் வந்து சரிசெய்கிற வரை வாசிக்க வேண்டாம்.