மகளின் வீசிங்குக்காக மலைக்குப் போகலாமா?

கேள்வி: கலிபோர்னியாவில் ரிவர்சைடு பக்கம் இருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது, ஆஸ்துமா உண்டு. மகனுக்கு ஆறு. போன மாதம் என் கணவர் 'தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் தி வில்டர்னஸ் ஃபேமிலி' என்ற 1975-ஆம் வருடப் படத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினார். லாஸ் ஏஞ்சல்ஸ் புகையில் மகளுக்கு மூச்சுத் திணறுகிறது என்று ஒரு குடும்பம் ராக்கி மலைக்குப் போய் மரவீடு கட்டிக்கொண்டு வாழும் கதை. அன்றிலிருந்து இவர் கொலராடோவில் நிலம் தேடுகிறார். 35 ஏக்கர் ஒன்றைப் பார்த்து, அட்வான்ஸ் கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டது. கிரீன் கார்டு வந்துவிட்டதால் சாஃப்ட்வேர் வேலையை விடவும் தயார். "பாப்பாவுக்காகத்தான்" என்கிறார். நான் வேண்டாம் என்றால் மகள் மேல் அக்கறை இல்லாதவள் ஆகிவிடுகிறேன். அவளோ, "எனக்காகவாம்மா அப்பா வேலையை விடப்போறாங்க?" என்று கேட்கிறாள். என்ன செய்வது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, நிலம், அட்வான்ஸ் எல்லாம் அப்புறம் பார்ப்போம். மகள் கேட்டதற்கு இன்றைக்கே பதில் சொல்லுங்கள், இருவரும் சேர்ந்து உட்கார்ந்து. "உனக்காக இல்லடா, அப்பாவுக்கு மலை பிடிச்சிருக்கு. போகலாமா வேண்டாமான்னு நானும் அப்பாவும் பேசிட்டு இருக்கோம்." இது போதும். படத்தில் அந்தப் பெண் குழந்தையின் நோய்தான் கதையைத் தொடங்கி வைக்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் படம் முடிந்துவிடும், அவளும் சிரித்துக்கொண்டிருப்பாள். உங்கள் மகள் அப்படியா? அங்கே கிணற்றில் தண்ணீர் வராவிட்டாலும், பணம் தீர்ந்தாலும், தம்பி நண்பர்களை நினைத்து அழுதாலும், எல்லாம் தன் நெஞ்சுச் சளியால் வந்தது என்று அவள் நினைத்துக்கொள்வாள். ஒன்பது வயதுத் தலையில் ஏற்றும் சுமையா அது?

உங்கள் கணவரிடமும் ஒரு கேள்வி கேட்கச் சொல்வேன். மகள் பூரண நலத்தோடு இருந்தாலும் இந்த நிலத்தை வாங்குவீர்களா? ஆமாம் என்றால், அது அவருடைய ஆசை. ஆசைப்படுவதில் தப்பில்லை. அதை ஆசை என்றே பேசினால் நீங்களும் தாராளமாக மறுக்கலாம், பேரம் பேசலாம். மருத்துவம் என்ற பெயரில் வந்தால்தான் உங்களால் வாயைத் திறக்க முடியாமல் போகிறது.

சரி, மருத்துவமாகவே எடுத்துக்கொள்வோம். அவர் சொல்வது முழுக்கத் தவறில்லை. உயரமான, ஈரப்பதம் குறைந்த இடங்களில் வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சிகள் குறைவு. நுரையீரல் நோயாளிகள் கொலராடோவைத் தேடிப் போனது நூறு வருடத்துக்கும் மேற்பட்ட பழக்கம். டென்வரில் 1899-இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய 'நேஷனல் ஜூவிஷ்' மருத்துவமனை இன்றும் சுவாச நோய்களுக்குப் பேர்போனது. ஆனால் அந்த மருத்துவமனை இருப்பது நகரத்தில். உங்கள் கணவர் பார்த்திருக்கும் நிலத்திலிருந்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஜனவரி இரவில், பனி கொட்டும்போது, எவ்வளவு நேரம்? குளிர்ந்த வறண்ட காற்றே பல குழந்தைகளுக்கு வீசிங்கைக் கிளப்பும். மரவீட்டைச் சூடாக்க விறகு அடுப்பு, அதன் புகை வேறு. கோடையில் காட்டுத்தீப் புகை. நெபுலைசருக்குக் கரண்ட் வேண்டும், சோலார் தகடுமேல் பனி மூடியிருக்கும். வேலையை விட்டால் அலுவலக இன்ஷூரன்ஸும் போய்விடும். வேலையை விட்டவர்களுக்கான கோப்ரா திட்டத்தில் அதையே பொதுவாகப் பதினெட்டு மாதம் தொடரலாம், முழு பிரீமியமும் உங்கள் கையிலிருந்து. இத்தனையையும் எழுதி எடுத்துக்கொண்டு மகளின் டாக்டரிடம் இருவரும் போங்கள். அவர் சொல்லட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம்.

படம் வந்த காலத்து லாஸ் ஏஞ்சல்ஸ் காற்று உண்மையிலேயே மோசம். கார் புகையும் வெயிலும் சேர்ந்துதான் அந்த மூட்டம் உருவாகிறது என்று 1950-களின் தொடக்கத்திலேயே கால்டெக் பல்கலைக்கழகத்தில் ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் காட்டிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், அந்தக் குடும்பம் திரையில் ஊரைக் காலி செய்த அதே 1975-இல்தான் அமெரிக்காவின் புதுக் கார்களில், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பரவலாக வந்தது. ஊரை விட்டுப் போகாதவர்களின் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு விட முடிந்தது. இருந்தாலும் உங்கள் ரிவர்சைடு பகுதி இன்றும் ஓசோன் மாசில் (அந்த மூட்டத்தில் இருக்கும், மூச்சைப் பாதிக்கும் வாயு) நாட்டின் மோசமான இடங்களில் ஒன்று. கடல்காற்று அத்தனை மாசையும் உள்நாட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு வருகிறது. அப்படியானால் கடலோரத்துக்குக் குடிபோவதைப் பற்றி ஏன் பேச்சே இல்லை? வாடகை கூடும்தான். மலையில் வீடு கட்டுவதைவிடவா? ஒரு மணி நேரப் பயணத்தில் கிடைக்கும் தீர்வு அவருக்குப் பிடிக்கவில்லையென்றால், விஷயம் பாப்பாவின் நுரையீரல் இல்லை என்பது அவருக்கே தெரிந்துவிடும்.

இனி அந்த 35 ஏக்கர். கொலராடோவில் விளம்பரங்களில் இந்த எண் அடிக்கடி வருவதற்குக் காரணம் உண்டு. 35 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள மனைகளாகப் பிரித்தால் கவுண்டியின், அதாவது நம் ஊர் மாவட்டம் மாதிரியான உள்ளூர் நிர்வாகத்தின், மனைப்பிரிவு அனுமதி தேவையில்லை. அதாவது ரோடு, தண்ணீர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று யாரும் பார்த்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வீட்டுக் கிணற்றுக்கு பெர்மிட் கிடைப்பது எளிது, தண்ணீர் கிடைப்பது வேறு விஷயம். மழைநீரைப் பிடித்துக்கொள்ளலாம் என்பாராக இருக்கும். நம் ஊர் வழக்கம் அங்கே செல்லாது. 2016 வரை அது பெரும்பாலும் சட்டவிரோதம். இப்போதும் சாதாரண வீட்டுக்கு இரண்டு பீப்பாய், மொத்தம் 110 காலன்தான். நம் கணக்கில் நானூறு லிட்டர் சொச்சம். குளிர்காலத்தில் அந்த ரோட்டில் பனி வாருவது யார் பொறுப்பு என்று கவுண்டி அலுவலகத்தில் கேளுங்கள். பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைப்பதென்றால் கொலராடோ சட்டப்படி வருடத்துக்கு 172 நாள், நாளுக்குச் சராசரி நான்கு மணி நேரம். யார் சொல்லிக்கொடுப்பது? படத்திலும் மலைக்குப் போக அப்பாவுக்கு இருந்த துள்ளல் அம்மாவுக்கு இல்லை. சமையலும் துணியும் அங்கேயும் அவள் தலையில்தான். அந்தப் படத்தில் எனக்குப் பிடித்த பாத்திரமே அவள்தான்.

முதல் படத்தோடு நிறுத்திவிட்டால் மலை சொர்க்கம்தான். 1978-இல் வந்த இரண்டாம் படத்தில் குளிர்காலம் வருகிறது. 1979-இல் மூன்றாவதில் வனத்துறை வந்து காலி செய்யச் சொல்கிறது! அதில் பொய்யில்லை. அரசு நிலத்தில் குடியேறி உழைத்துச் சொந்தமாக்கிக்கொள்ளும் பழைய ஹோம்ஸ்டெட் சட்டத்தையே அலாஸ்கா தவிர மற்ற இடங்களில் 1976-இல் எடுத்துவிட்டார்கள். மற்ற இரண்டையும் அவரோடு உட்கார்ந்து பாருங்கள்.

அப்புறம், அடியோடு மறுக்காதீர்கள். அட்வான்ஸ் மட்டும் இப்போது வேண்டாம். டாக்டர் சரி என்றால், பிப்ரவரியில் லீவு போட்டு அதே கவுண்டியில், மருத்துவமனைக்குப் பக்கத்தில், விறகு அடுப்பு இல்லாத வாடகை வீட்டில் நால்வரும் இரண்டு வாரம் இருந்து பாருங்கள். தினமும் அந்த நிலம் வரை காரில் போய்வரும் வேலை அவருடையது. பனி வாருவதும் அவரே, ஒரு வேளைச் சமையலும் அவரே. திரும்பி வந்த பிறகும் போகத்தான் வேண்டும் என்றால், அப்போது நீங்களும் திறந்த மனதோடு கேளுங்கள். ஒருவேளை உங்களுக்கே பிடித்துப்போகலாம், யார் கண்டது? எனக்கென்னவோ அவருக்கு வேலை சலித்துவிட்டது என்றுதான் தோன்றுகிறது. அதை அவர் வாயால் சொல்ல ஓர் இடம் கொடுங்கள்.

மகனைப் பற்றி எழுதவில்லை, ஆனால் ஆறு வயதுப் பையன் அந்தப் படத்தில் எதைப் பார்த்திருப்பான் என்று ஊகிக்க முடிகிறது. கரடிக்குட்டியைக் கொஞ்சி விளையாடலாம் என்று நினைத்திருந்தால், குட்டி இருக்கும் இடத்தில் தாய்க்கரடி பக்கத்திலேயே இருக்கும் என்று சொல்லிவையுங்கள். கரடிக்குத் தீனி போடுவது கொலராடோவில் குற்றம் என்பதை அப்பாவுக்கும் சேர்த்தே சொல்லிவிடலாம்.