மெலியாய்டோசிஸ்: பர்மாத் தமிழர் கேள்விகளுக்குக் கிருமியியல் மருத்துவர் பதில்

பெகு, விவசாயக் குடும்பம்: ஐயா, நடவு முடிஞ்சதிலிருந்து அப்பாவுக்குக் காய்ச்சல், இருமல். சர்க்கரையும் உண்டு. சளியில டிபி கிருமி தெரியல, ஆனா டிபி மருந்து குடுக்குறாங்க.

சர்க்கரை, மழைக்காலம், சேற்று வேலை மூன்றும் சேர்ந்துவிட்டால் மெலியாய்டோசிஸை நினைத்தே ஆகவேண்டும் தம்பி. சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு கிருமியால் வரும் நோய் இது. அந்தக் கிருமி கால் கீறல், மூச்சு, குடிநீர் எந்த வழியிலும் நுழையும். நுரையீரலின் மேல்பகுதியைப் பிடித்தால் எக்ஸ்ரேயில் டிபி போலவே தெரியும். டிபி மருந்துக்கு இது அடங்காது. இன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இரத்தக் கல்ச்சர் (இரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கேளுங்கள். மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக்கூடாது.

யாங்கோன், மாணவி: இது தாய்லாந்து நோய் இல்லையா?

இல்லையம்மா. முதன்முதலில் கண்டறிந்ததே உங்கள் ஊரான ரங்கூனில்தான். 1911இல் விட்மோர், கிருஷ்ணசாமி என்ற மருத்துவர்கள் பிரேதப் பரிசோதனைகளில் இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்து, 1912இல் எழுதினார்கள். இங்கே அரிதாகத் தெரிவதற்குப் பெரிய காரணம், தேடாமல் விடுவது.

மோல்மேன், ஆய்வகப் பணியாளர்: கல்ச்சர்ல 'சூடோமோனாஸ்'னு வருது. எப்படிப் பிரிக்கிறது?

தவறு நடப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கிராம் நெகட்டிவ், ஆக்சிடேஸ் பாசிட்டிவ் என்று முதல் சோதனைகள் காட்டியதும் சூடோமோனாஸ் என்ற வேறு கிருமியின் பெயரை எழுதிவிடுகிறோம், அல்லது அசுத்தம் என்று கல்ச்சர் தட்டையே வீசிவிடுகிறோம். தட்டில் மூன்று ஆன்டிபயாடிக் வட்டுகளை வையுங்கள்: ஜென்டமைசின் 10, கொலிஸ்டின் 10, கோ-அமாக்சிக்ளாவ் 20/10 மைக்ரோகிராம். முதல் இரண்டுக்கும் எதிர்ப்பு, மூன்றாவதைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் விழுந்தால் அது மெலியாய்டோசிஸ் கிருமியான பர்க்கோல்டேரியா சூடோமாலியாக இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். லேட்டெக்ஸ் சோதனை கிடைத்தால் உறுதிப்படுத்துங்கள். தானியங்கிக் கருவி இதன் இனக் கிருமியான 'செபாசியா' என்று சொன்னாலும் நம்பிவிடாமல் இதைச் செய்யுங்கள்.

சளி, தொண்டை, மலக்குடல் மாதிரிகளை இந்தக் கிருமியை வளர்க்கும் ஆஷ்டவுன் ஊடகத்தில் போட்டுக் குறைந்தது 4 நாள் பாருங்கள். சுருக்கம் விழுந்த ஊதா நிறக் கூட்டங்கள் 48 மணி நேரத்துக்குப் பிறகே தெளிவாகும். 24 மணி நேரத்தில் 'வளர்ச்சி இல்லை' என்று அறிக்கை கொடுப்பது நோயாளியைக் கைவிடுவது. ஒருமுறை செய்யும் கல்ச்சர் பத்தில் நான்கு பேரைத் தவறவிடக்கூடும். ஆகவே சந்தேகம் தீராவிட்டால் திரும்ப மாதிரி கேளுங்கள். தட்டை முகர்ந்து பார்க்கவே கூடாது, வேலை பாதுகாப்புப் பெட்டிக்குள் மட்டும்.

தன்லியின், செவிலியர்: செஃப்ட்ரியாக்சோன் போட்டுட்டுக் காத்திருக்கலாமா சார்?

வேண்டாம். சந்தேகம் வந்தவுடன் செஃப்டாசிடைம் என்ற ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும்: பெரியவர்களுக்கு 2 கிராம், 6 அல்லது 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, நரம்பில். இரத்த அழுத்தம் வீழ்ந்த அதிர்ச்சி நிலையில் இருந்தால் மெரோபெனெம் 1 கிராம், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. மூளையில் நோய் இருந்தால் 2 கிராம். சிறுநீரகம் பழுதாக இருந்தால் அளவு மாறும். ஊசி குறைந்தது 2 வாரம். ஆழமான சீழ்க்கட்டிக்கு 4, எலும்புக்கு 6, மூளைக்கு 8 வாரம்.

அதே செவிலியர்: ஆறு நாளாச்சு, காய்ச்சல் நிக்கல. மருந்து வேலை செய்யலையா?

காய்ச்சல் இறங்க ஒன்பது நாள்கூட ஆவது வழக்கம். நிலைமை மோசமாகாதவரை மருந்தை மாற்றாமல் சீழ்க்கட்டியைத் தேடுங்கள்: கல்லீரல், மண்ணீரலுக்கு ஸ்கேன், ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பியும் சேர்த்து. பெரிய புராஸ்டேட் கட்டியை வடிக்காமல் ஊசி மட்டும் போட்டால் கிருமி அங்கேயே தங்கிவிடும்.

பெகு, மீண்டும்: வீட்டுக்கு வந்த பிறகு?

ஊசி முடிந்ததும் கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரை, குறைந்தது 3 மாதம்; எலும்பு, மூளை என்றால் 6 மாதம். இரண்டு மருந்து கலந்த மாத்திரை இது: உடல் எடை 60 கிலோவுக்கு மேல் 320/1600 மில்லிகிராம், 40 முதல் 60 கிலோவுக்கு 240/1200, காலை மாலை இருவேளை, கூடவே ஃபோலிக் அமிலம். முதல் வாரங்களில் பொட்டாசியம், கிரியேட்டினின் (சிறுநீரகச் சோதனை), இரத்த அணுக்களைப் பாருங்கள். தோலில் தடிப்பு வந்தால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். உடம்பு தேறிவிட்டது என்று பாதியில் விடுவதுதான் நோய் திரும்ப முக்கியக் காரணம். வீட்டில் மற்றவருக்குத் தொற்றுவது மிக மிக அரிது. தனித்தட்டு, தனியறை எதுவும் தேவையில்லை. அப்பா மறுபடி வயலில் இறங்கும்போது முழங்கால் பூட்ஸ் போடட்டும், காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம்.