அசையாத தண்ணீர்

அன்புள்ள ஐயா,

ராட்டர்டாமில் வேலை பார்க்கிறேன். போன வாரம் பிள்ளைகளோடு பீஸ்போஸ் தேசியப் பூங்காவில் படகில் சுற்றினோம். ஒரு பீவர்கூடக் கண்ணில் படவில்லை, சின்னவன் அழுதேவிட்டான். எந்த மாதம் போனால் பார்க்கலாம்? மற்றபடி சொர்க்கம். தண்ணீர் குளம்போல அசையாமல் கிடந்தது.

க.

அன்புள்ள க.,

மாதக் கணக்கைப் படகுக்காரரிடம் கேளுங்கள். சின்னவனிடம் மட்டும் சொல்லுங்கள்: மரத்தைப் பல்லால் கொறித்து வீழ்த்தும் பீவர் அந்தி சாய்ந்தபின் நடமாடும் பிராணி, பகலில் சுலபமாக அகப்படாது. கரையோர வில்லோ மரங்களின் அடியைப் பார்க்கச் சொல்லுங்கள். சீவிய பென்சில்போல மரம் கூராகியிருக்கும். கீழே சிதறிய சிராய்களில் பல் வரி தெரியும். எனக்கும் அங்கே அதுதான் கிடைத்தது. ஈரம் காயாத ஒரு சிராயைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். 1826இல் நெதர்லாந்தின் கடைசி பீவரைக் கொன்றார்கள். 1988இல் ஜெர்மனியின் எல்பே ஆற்றுப் பக்கமிருந்து கொண்டுவந்து பீஸ்போஸில் விட்டார்கள்.

ஆனால் அசையாத தண்ணீரைச் சொர்க்கம் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அந்த இடத்துக்கு உயிரே ஓதம்தான், கடலின் அன்றாட ஏற்ற இறக்கம். கடல் பெருகும்போது உப்புநீர் அவ்வளவு தூரம் ஏறாது. ஆற்றைத்தான் எதிர்த்துத் தள்ளும். ரைன், மாஸ் ஆறுகள் கொண்டுவந்த நன்னீர் போக வழியின்றி உயரும், பிறகு வடியும். தினம் இரண்டு தடவை, ஏறத்தாழ இரண்டு மீட்டர். 1421 வெள்ளம் விழுங்கிய வயல்களின் மேல் கோரையும் நாணலும் வளர்ந்தது இந்த ஏற்ற இறக்கத்தில்தான். அவற்றை அறுத்துப் பிழைத்த கூலியாட்கள் ஓதம் பார்த்துத்தான் சேற்றில் இறங்கினார்கள்.

1953 வெள்ளத்தில் 1,800 பேருக்கு மேல் செத்தார்கள். அதன்பின் கட்டிய ஹாரிங்ஃப்ளீட் அணை 1970இல் கடல்வாயை அடைத்தது. பூங்காவின் பெரும்பகுதியில் ஓதம் ஒரு சாண் அளவுக்குச் சுருங்கியது. அணையை நான் பழிக்கவில்லை. பிணங்களை எண்ணியவர்கள் கட்டியது அது. ஆனால் அதற்குக் கொடுத்த விலையை அழகு என்று சொல்லாதீர்கள். கோரை அழிந்தது. வெட்ட ஆளில்லாத வில்லோ காடாக மண்டியது. ஆறு சுமந்துவந்த ஆலைக்கழிவு அடியில் படிந்தது. பீவரைக் கூண்டில் கொண்டுவந்து விட முடிந்தது. ஓதத்தை அப்படி விட முடியாது. 2018 முதல், கடல் பெருகும் நேரத்திலும் மதகுகளைக் கொஞ்சம் திறந்துவைக்கிறார்கள், சால்மன் மீன் உள்ளே வரட்டும் என்று. ஆற்றில் நீர் குறைந்தால் குடிநீரில் உப்பேறும் என்று மூடிவிடுகிறார்கள்.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை ஸ்லீட்ரெக்ட் ஊர்ப் பக்கத்து பீஸ்போஸ் பகுதிக்குக் கூட்டிப்போங்கள். அங்கே ஓதம் இன்னும் கண்ணுக்குத் தெரியும். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, ஒரே கரையில் நிற்கவையுங்கள். பீவர் அப்புறம்.